சப்பாத்தால் எழுந்த நகரம்



நம் நாட்டுக் கிராமங்களிலே கடைக்குச் சென்று "ஒரு சோடி பாட்டா தாருங்கள்" என்று கேட்பவர் பலர். தாம் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லியே பொருள் கேட்கின்றோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. சப்பாத்து என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றனர். றப்பர்ச் செருப்புக்குப் பாட்டா என்னும் பெயரோ, மத்திய ஐரோப்பாவிலே மலைகளுக்கிடையே ஒதுங்கிக் கிடந்த ஒரு சிற்றூரிலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. அவ்வூரின் பெயர் சிலீன். இன்று அது செக் குடியரசில் மொராவியா என்னும் பகுதியில், திரெவ்னிட்சே என்ற சிற்றாற்றின் கரையில் உள்ளது.

ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய சப்பாத்துத் தொழிற்சாலைகளுள் ஒன்று அங்கே இயங்கியது. இன்று அப்பெருந்தொழில் அங்கே இல்லை. ஆயினும் நகரம் இருக்கின்றது, மக்களும் இருக்கின்றனர். ஓர் ஊர் ஒரே தொழிலை, அதிலும் ஒரே முதலாளியை, நம்பி வளர்ந்தால் அதற்கு வரும் நன்மை யாது, தீமை யாது? அத்தொழில் போன பின்னர் அவ்வூரில் எஞ்சி நிற்பது யாது? சிலீன் நகரின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

சிலீன் பழைய ஊர். 1322ஆம் ஆண்டிலேயே அதன் பெயர் எழுத்தில் காணப்படுகின்றது. எனினும் அறுநூறு ஆண்டுகளாக அது ஒரு சாதாரணச் சந்தைப்பட்டினமாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 3,000 பேர். அந்நாளில் அது ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகச் சப்பாத்துத் தைத்துவந்த குடும்பம் ஒன்று இருந்தது. அதுவே பாட்டா குடும்பம். 1894ஆம் ஆண்டில் அன்ரனின், அன்னா, தோமாஸ் என்னும் உடன்பிறந்தார் மூவர், தாயார் விட்டுச் சென்ற சிறு முதலைக் கொண்டு ஒரு சப்பாத்துத் தொழிலகத்தைத் தொடங்கினர். இளையவரான தோமாசுக்கு அப்போது வயது 18.

அக்காலத்திலே சப்பாத்துச் செய்வது முற்றிலும் கைவேலை. பாதத்தின் வடிவில் மரத்தாற் செய்த அச்சொன்றை எடுத்து, அதன்மேல் மேற்றோலை இழுத்துப் போர்த்தி, ஓரங்களைச் சுருக்கம் விழாமல் மடித்து, அடித்தோலோடு சேர்த்துத் தைத்தல் வேண்டும். ஒருவர் தம் குடிலில் இருந்து தாமே தோலை வெட்டி, தாமே தைத்து, தாமே சந்தைக்குக் கொண்டுசெல்வார். பாட்டா குடும்பத்தார் இம்முறையை மாற்றி, தொழிலாளரை ஒரே இடத்தில் திரட்டி, கிழமை தோறும் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தனர். ஆனால் ஓராண்டு செல்லு முன்னரே கடன் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. தோல் வாங்கப் பணமில்லை. அந்த இக்கட்டிலேதான், தோலைக் குறைத்துத் தடித்த துணியாற் சப்பாத்துச் செய்யலாம் என்ற எண்ணம் தோன்றியது. துணிச் சப்பாத்து விலை மலிவானது, எடை குறைந்தது. அதுவரை சப்பாத்து வாங்க வசதியற்றிருந்த எளிய மக்கள் அதனை விரும்பி வாங்கினர். ஏழைகளின் காலை நோக்கிச் செய்த பொருளே அந்நிறுவனத்தை மீட்டது. இதனை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். அதன் பிந்திய வெற்றிகளுக்கெல்லாம் அடிப்படை இதுவே.

1904ஆம் ஆண்டிலே தோமாஸ் பாட்டா தம் தொழிலாளர் மூவரை அழைத்துக்கொண்டு ஐக்கிய அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவர் சென்ற இடம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள லின் என்னும் நகரம். அந்நாளில் அமெரிக்கச் சப்பாத்துத் தொழிலின் தலைநகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அங்கே அவர் முதலாளியாகப் போய்ப் பார்வையிடவில்லை. சாதாரணத் தொழிலாளியாக ஆலையொன்றிற் சேர்ந்து சில மாதங்கள் வேலை செய்தார். அவர் கண்ட பொறிகளுள் முதன்மையானது, மேற்றோலை அச்சின்மீது இழுத்துப் பொருத்தும் பொறியாகும். தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டிலே பிறந்து லின் நகரில் வந்து குடியேறிய யான் மற்செலிகர் என்னும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் பல்லாண்டு முயன்று அதனை அமைத்து 1883இல் உரிமம் பெற்றிருந்தார். கைதேர்ந்த வினைஞர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 சோடிக்கு மேற் செய்யவியலாத அவ்வேலையைப் பொறி பல மடங்கு விரைவாகச் செய்தது. மற்செலிகர் தம் கண்டுபிடிப்பின் முழுப் பயனையும் காணாமலே 1889இல், 37ஆம் வயதுக்கு முன்னரே இறந்தார்.

லின் நகரிற் கண்டவற்றை நெஞ்சிலே நிறுத்திக்கொண்டு தோமாஸ் ஊர் திரும்பினார். பொறிகள் வந்தன, ஆலை விரிந்தது. தமையனார் அன்ரனின் 1908இல் மறைந்தபின் பொறுப்பு முழுவதும் தோமாசின் தோளில் விழுந்தது. 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. படைவீரருக்குப் பாதணி செய்யும் ஒப்பந்தம் கிடைக்கவே, சிலீன் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். 1918இற் பேரரசு உடைந்தது. செக்கோசிலோவாக்கியா என்னும் புதிய குடியரசு தோன்றியது.

போருக்குப் பிந்திய ஆண்டுகள் கடுமையானவை. மக்களிடம் பணமில்லை. புதிய நாட்டின் நாணயமோ மதிப்பில் ஏறிக்கொண்டிருந்தது. அதனாற் பிற நாட்டார்க்கு அந்நாட்டுப் பொருள்கள் விலை கூடியவையாயின, ஏற்றுமதி தளர்ந்தது. களஞ்சியங்களிலே சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. ஆலைகள் பல கதவடைத்தன. அந்நிலையில், 1922ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் முதலாந் திகதி, தோமாஸ் பாட்டா தம் சப்பாத்துகளின் விலையைச் சரிபாதியாகக் குறைத்தார். ஏனைய முதலாளிகள் நகைத்தனர். ஆனால் வாங்குவோர் கடைகளிலே வரிசையாக நின்றனர். இவ்விலைக் குறைப்பின் சுமையைத் தொழிலாளரும் சுமந்தனர் என்பதை மறைத்தலாகாது. அவர்களுடைய ஊதியம் 40 சதவீதம் குறைக்கப்பட்டது. அதற்கு ஈடாக, உணவும் உடையும் நிறுவனத்தின் பண்டசாலைகளிற் பாதி விலைக்கு வழங்கப்பட்டன. ஒருவரும் வேலையிழக்காமல் ஆலை தொடர்ந்து ஓடுவதற்கு அதுவே வழி என்று அவர்களுக்குக் கூறப்பட்டது. விற்பனை பெருகப் பெருக ஊதியமும் பின்னர் உயர்ந்தது.

1924இல் இன்னொரு புதுமுறை வந்தது. ஆலை முழுவதையும் சிறு சிறு பட்டறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு வகுத்தனர். தோல் வெட்டும் பட்டறை, வெட்டிய தோலைத் தைக்கும் பட்டறைக்கு 'விற்கும்'. தைக்கும் பட்டறை அதனை அடுத்ததற்கு 'விற்கும்'. விலை முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பழுதான வேலையை அடுத்த பட்டறை ஏற்காது. கிழமை முடிவிலே கணக்குப் பார்த்து, இலாபம் இருப்பின் அதிலொரு பங்கைத் தொழிலாளருக்குக் கொடுப்பர். அப்பங்கின் ஒரு பகுதி கையிற் கிடைக்கும். மறுபகுதி நிறுவனத்திலேயே அவர் பெயரில் வட்டியோடு வளரும். ஒரு பெரிய ஆலையின் ஒரு மூலையில் நிற்கும் தொழிலாளி, தன் கைவேலை எவ்வளவு பெறுமதியுடையது என்பதைத் தானே கணக்கிட்டறிய இம்முறை வழிசெய்தது. சில ஆண்டுகளில், ஹென்றி போர்ட்டின் மோட்டார் ஆலைகளைப் பின்பற்றி, வேலையைத் தொழிலாளியிடம் கொண்டுவரும் ஓடுபட்டைகளும் அமைக்கப்பட்டன.

இனி நகரத்தைப் பார்ப்போம். 1923இல் தோமாஸ் பாட்டா சிலீன் நகரபிதாவாகத் தெரிவு செய்யப்பட்டார். ஆலைக்கும் நகரசபைக்கும் தலைவர் ஒருவரே ஆயினார். அதன்பின் ஊரின் தோற்றமே மாறியது. கொங்கிறீற்றுத் தூண்களுக்கு நடுவே செங்கல் நிரப்பி, 6.15 மீற்றர் சதுரம் என்ற ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி ஆலைக் கட்டடங்களை எழுப்பினர். அதே அளவும் அதே அமைப்பும் பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் கடைக்கும் ஏற்றனவாயின. கஹூரா, கார்பிக் முதலிய சிற்பிகள் இந்நகரை வகுத்தனர். மலைச்சரிவுகளிலே தொழிலாளருக்கு ஆயிரக்கணக்கில் வீடுகள் தோன்றின. அவை சிவந்த செங்கல்லாலான சிறு சதுர வீடுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் புல்தரையும் தோட்டமும் இருந்தன. 1927இல் மருத்துவமனை வந்தது. 1932இல், இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருங்கே அமர்ந்து பார்க்கத்தக்க படமாளிகை வந்தது. 1930களின் இறுதியில் மக்கள்தொகை பழைய அளவினும் பத்து மடங்குக்கு மேற் பெருகியிருந்தது. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியே 1935இல் அங்குச் சென்று இப்புதிய நகரைக் கண்டார்.

கல்வித்துறையிலே வேலை செய்யும் எனக்கு, இவை எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுவது 1925இல் தொடங்கப்பெற்ற தொழிற்பள்ளியே. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவர்கள் அதில் சேர்ந்தனர். பகலில் ஆலையில் வேலை, மாலையிற் பாடம், இரவில் விடுதி. அவர்கள் தம் கைச்சம்பளத்திலேயே உணவுக்கும் இருப்பிடத்துக்கும் கொடுத்து, மிச்சத்தைச் சேமிக்கவும் பழகினர். பிறமொழிகளையும் கற்றனர். சில ஆண்டுகளின் பின் பெண்பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்புக் கிட்டியது. அப்பள்ளியிலிருந்து வெளியேறியோர் உலகெங்கும் கடைகளையும் ஆலைகளையும் நடத்தச் சென்றனர். வேறொரு துறையிற் புகழ்பெற்ற மாணவரும் ஒருவர் உளர். 1941இல், நகர வீதிகளில் நடந்த ஓட்டப்பந்தயத்துக்கு ஆலையின் விளையாட்டுப் பயிற்சியாளர் இளைஞர் சிலரைச் சுட்டிக்காட்டி, ஓடியே ஆகவேண்டும் என்றார். விருப்பமின்றி ஓடிய அவர்களுள் ஒருவர் இரண்டாவதாக வந்தார். அவரே எமில் சாத்தோபெக். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் பொற்பதக்கம் வென்றவர் அவர்தாம்.

இதுவரை கூறியவை வெளிச்சமான பக்கம். மறுபக்கத்தையும் பார்க்காவிட்டால் நாம் வரலாற்றுக்கு நேர்மை செய்தவர்களாகமாட்டோம். தொழிற்சங்கத்தை நிறுவனம் விரும்பவில்லை. ஆலைத் தலைவரே நகரத் தலைவராகவும் இருக்கையில், ஆலையிற் குறைகண்டவர் நகரசபையிடம் சென்று முறையிடுவது எங்ஙனம்? வீடு நிறுவனத்தினுடையது, கடை நிறுவனத்தினுடையது, பத்திரிகையும் நிறுவனத்தினுடையது. வேலை போனால் வீடும் போய்விடும். நம் மலைநாட்டுத் தோட்டங்களில் லயன் அறைகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. சிலீன் வீடுகள் அவ்வறைகளினும் எத்தனையோ மடங்கு நல்லவை; ஆனால் வேலையோடு பிணைக்கப்பட்ட கூரை என்ற அளவில் இரண்டும் ஒன்றே. அந்நிறுவனத்தில் முன்னர் வேலை செய்த எழுத்தாளர் ஒருவர், சுவத்தோபிளுக் என்னும் பெயரில், 1933இல் அவ்வாழ்க்கையைக் கண்டித்து ஒரு நாவல் வெளியிட்டார். நிறுவனம் வழக்குத் தொடுத்து, அந்நூல் பறிமுதலாகச் செய்தது. நல்ல வீடும் நல்ல பள்ளியும் தந்த கைதான், மாற்றுக் குரலை அடைத்த கையும் ஆகும்.

1932ஆம் ஆண்டு யூலை மாதம் 12ஆந் திகதி காலை, அடர்ந்த மூடுபனியிலே தோமாஸ் பாட்டாவின் விமானம், சிலீனுக்கு அருகேயுள்ள ஒத்ரொகொவித்சேயிலிருந்து சுவிற்சர்லாந்தை நோக்கிக் கிளம்பியது. சில நிமிடங்களில் அது தரையில் வீழ்ந்தது. அவரும் விமானியும் உயிர்நீத்தனர். அப்போது அவருக்கு வயது 56. நிறுவனத்திலே 16,000க்கு மேற்பட்டோர் வேலை செய்துகொண்டிருந்தனர். அடுத்த ஆண்டு நகரின் நடுவே கண்ணாடியாலும் கொங்கிறீற்றாலும் அவருக்கொரு நினைவுமண்டபம் எழுந்தது. அதனுள்ளே ஒரு விமானத்தைத் தொங்கவிட்டனர்.

அவர்பின் பொறுப்பேற்றவர் தந்தைவழிச் சகோதரர் யான் அன்ரனின் பாட்டா. உலகப் பொருளாதார மந்தத்தினால் நாடுகள் தத்தம் எல்லையிலே சுங்கவரியை உயர்த்தியிருந்த காலம் அது. சப்பாத்தை ஏற்றுமதி செய்யவியலாதெனின் ஆலையையே ஏற்றுமதி செய்வோம் என்ற முறையில், தோமாஸ் காலத்தில் தொடங்கிய வேலையை இவர் விரைவுபடுத்தினார். இங்கிலாந்தில் கிழக்கு ரில்பரி, பிரான்சில் பாட்டாவில், யுகோசிலாவியாவிற் பொறோவோ, கல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் எனச் சிலீனின் சாயலிலேயே பல ஊர்கள் எழுந்தன. அதே அளவுத் தூண்கள். அதே செங்கற் சுவர்கள். சிலீனிலோ 77 மீற்றருக்கு மேல் உயர்ந்த தலைமைக் கந்தோர் எழுப்பப்பட்டது. இருபத்தோராம் எண் கட்டடம் என்பது அதன் பெயர். அதிலொரு விந்தை: தலைவரின் அலுவலறையே ஒரு மின்தூக்கியாக அமைந்தது. மேசை, தொலைபேசி, கைகழுவும் தொட்டி ஆகியவற்றோடு அவ்வறை மாடிக்கு மாடி ஏறியிறங்கும். அக்கட்டடம் நிறைவுற்ற வேளையிலே, அதில் அமர வேண்டியவர் நாட்டைவிட்டு நீங்க வேண்டியவரானார்.

1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜேர்மன் படைகள் நாட்டினுட் புகுந்தன. யூதராய்ப் பிறந்த ஊழியர் பலரை நிறுவனம் தொலைநாடுகளிலுள்ள தன் கிளைகளுக்கு மாற்றி அனுப்பியது. அவர்களுள் ஒருவர் நிறுவன மருத்துவமனையின் வைத்தியர். அவர் மனைவியோடும் சிறு புதல்வர் இருவரோடும் சிங்கப்பூருக்குச் சென்றார். யப்பானியப் படை 1942இற் சிங்கப்பூரைச் சூழ்ந்தபோது தந்தையார் உயிரிழந்தார். தாயும் பிள்ளைகளும் இந்தியாவுக்குத் தப்பிவந்தனர். தார்ஜிலிங் நகரிலே பாட்டா கடையொன்றிற் பணிபுரிந்து தாய் பிள்ளைகளை வளர்த்தார். சிலீனில் 1937இற் பிறந்த அவ்விளைய பிள்ளைதான் பின்னாளில் ஆங்கில நாடக உலகிற் பெரும் புகழ் பெற்ற ரொம் ஸ்ரொப்பார்ட். ஓர் ஆலையின் கிளைகள் ஒரு குடும்பத்துக்கு உயிர்வழியாக அமைந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஊரில் எஞ்சியோர் ஜேர்மானியரின் ஆட்சியிலே வேலை செய்தனர். 1944 நவெம்பர் 20ஆந் திகதி அமெரிக்க விமானங்கள் ஆலைமீது குண்டு பொழிந்தன. கட்டடங்களும் களஞ்சியங்களும் தீக்கிரையாயின. 1945 மே மாதம் நகரம் விடுதலை பெற்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரசு ஆலையைத் தேசியமயமாக்கியது. யான் அன்ரனின் பாட்டாவின்மீது வழக்கு நடந்தது. அவர் இல்லாமலே 1947இற் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். பிறேசிலில் வாழ்ந்து 1965இல் மறைந்த அவர்மீது சுமத்தப்பட்ட அத்தீர்ப்பை, 2007இல் செக் நீதிமன்றம் நீக்கியது. தோமாசின் புதல்வரோ கனடாவிற் குடியேறி, அங்கிருந்து நிறுவனத்தை மீண்டும் கட்டியெழுப்பினார்.

1949 சனவரி முதலாந் திகதி, சிலீன் என்ற பெயரே நீக்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சித் தலைவராயிருந்து நாட்டின் சனாதிபதியான கொட்வால்டின் பெயரால் நகரம் கொட்வால்டொவ் ஆயிற்று. ஆலை 'ஸ்விற்' என்ற பெயர் பெற்றது. நினைவுமண்டபத்திலிருந்து விமானம் அகற்றப்பட்டது. முந்திய முதலாளியின் பெயர் பாடநூல்களிலே இகழ்ச்சிக்குரிய பெயராயிற்று. ஆனால் வேலை நிற்கவில்லை. ஸ்விற் ஆலை நாற்பது ஆண்டுகள் பல்லாயிரவருக்குத் தொழில் கொடுத்தது. கோடிக்கணக்கான சோடிகள் சோவியத் நாட்டுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றன. முதலாளி மாறி அரசு வந்தபோதிலும் ஊர் பழையபடி ஒரே ஆலையையே நம்பியிருந்தது. அந்த அடிப்படையை ஒருவரும் மாற்றவில்லை.

1989இன் இறுதியில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு திசெம்பரில் தோமாசின் புதல்வர் ஐம்பது ஆண்டுகளின் பின் தந்தையின் ஊருக்கு வந்தபோது, வீதியெங்கும் மக்கள் திரண்டு வரவேற்றனர். 1990 சனவரி முதலாந் திகதி நகரம் சிலீன் என்ற தன் பழம் பெயரை மீண்டும் பெற்றது. பெயர் திரும்பியது; தொழில் திரும்பவில்லை. ஆலை 1945இலேயே அரசுடைமையானதால், 1948 பெப்ரவரிக்குப் பின் பறிக்கப்பட்ட சொத்துகளை மீட்டளித்த சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. பாட்டா நிறுவனம் கடைகள் பலவற்றை நடத்தத் தொடங்கிற்றே யன்றிப் பழைய பேராலையை மீளப் பெறவில்லை. ஸ்விற் ஆலையோ கிழக்கு நாடுகளின் சந்தையை இழந்தது. ஆசியாவிலிருந்து மலிவான சப்பாத்துகள் வந்து குவிந்தன. மலிவு விலையால் எழுந்த நகரத்தை மலிவு விலையே வீழ்த்தியது. 2000ஆம் ஆண்டில் ஸ்விற் முறிந்தது.

சிலீனின் சாயலில் எழுந்த ஊர்கள் சிலவற்றிலும் இதே கதை நடந்தது. பிரான்சின் பாட்டாவில் ஆலை 2001இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளின் பின் கிழக்கு ரில்பரியிலும் வேலை முடிந்தது. பொறோவோ இருந்த வூக்கோவார் பகுதி 1991இல் நடந்த போரிலே சிதைந்தது. தோமாஸ் பாட்டா தொழில் கற்ற லின் நகரத்திலும் இன்று சப்பாத்து ஆலைகளின் பழைய கட்டடங்களே காணப்படுகின்றன.

அவ்வாறாயின் சிலீனில் எஞ்சியது யாது? 2001 சனவரியில், ஆலை முறிந்த மறு ஆண்டிலே, தோமாஸ் பாட்டாவின் பெயரால் அங்கே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 2004 முதல் இருபத்தோராம் எண் கட்டடம் மாகாண நிருவாகத்தின் இருப்பிடமாயிற்று. மின்தூக்கி அறையை இன்றும் பார்க்கலாம். 2013இல் ஆலைக் கட்டடங்கள் இரண்டினுள் நூதனசாலையும் கலைக்கூடமும் நூலகமும் வந்தமைந்தன. பல நாட்டு, பல காலத்துப் பாதணிகளை அங்கே காட்சிக்கு வைத்துள்ளனர். நினைவுமண்டபம் பழைய வடிவில் திருத்தியமைக்கப்பட்டு 2019இல் மீண்டும் திறக்கப்பட்டது. செங்கல் வீடுகளிலே மக்கள் இன்றும் வாழ்கின்றனர். இன்று சிலீனில் ஏறக்குறைய 75,000 பேர் உள்ளனர்.

நேயர்களே, இவற்றை ஒருங்கு வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு புலனாகும். சப்பாத்துக்கென்று மட்டும் இடப்பட்ட முதல் எல்லாம் சப்பாத்தோடு போயிற்று; பொறிகள் இரும்பாக விற்கப்பட்டன; சந்தை பிறர் கைக்குச் சென்றது. மனிதருக்கென்று இடப்பட்ட முதலோ நிலைத்தது. வெளிச்சமும் காற்றும் புகுமாறு கட்டிய ஆலை, பின்னர் நூலகமாக மாற இடங்கொடுத்தது. குடும்பத்துக்கெனக் கட்டிய வீடு, முதலாளி மூவர் மாறியும் வீடாகவே நின்றது. 14 வயதுச் சிறுவனுக்குப் புகட்டிய கணக்கும் மொழியும் கைத்திறனும், அவன் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அவனோடு சென்றன.

ஆனால் அம்மக்கள் தம் ஊரின் போக்கைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை நெடுங்காலம் பெறவில்லை. முதலில் ஒரு முதலாளி அவர்களுக்காகத் தீர்மானித்தார். பின்னர் ஓர் அரசு தீர்மானித்தது. இருவரும் மாற்றுத் தொழிலுக்கு இடம் வைக்கவில்லை. ஆதலினாலேயே ஆலை வீழ்ந்த காலத்தில் ஊர் முழுவதும் அதிர்ந்தது. தொழில் தருபவர் நல்லவராயினும் அவர் ஒருவரையே நம்பும் ஊர், அவருடைய காலத்துக்கு மேல் நிற்கும் வழியைத் தானே தேடிக்கொள்ளல் வேண்டும். தம் ஊருக்கு ஓர் ஆலை வருகின்றதெனக் கேட்டு மகிழ்வோர், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று வினவுவதோடு அமைதல் போதாது. அதனருகே எத்தகைய பள்ளிக்கூடம் எழும், வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கும், அவ்வாலை மூடப்படும் நாளில் நம் பிள்ளைகளின் கையில் என்ன வித்தை இருக்கும் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். நாம் காலில் அணியும் ஒரு சோடிச் செருப்பின் பெயருக்குப் பின்னே இத்தனை மனிதரின் உழைப்பும் ஏற்றமும் இழப்பும் உள்ளன என்பதை அறிந்து கொள்வோமாக.